குமுளிக் கடைத்தெருவின் 'யாளி மண்டை': எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து தேக்கடிப் பக்கம் நடந்தால் ஏலக்காய், மிளகு, வீட்டுச் சாக்லேட் கடைகளுக்கு நடுவே கைவினைப் பொருள் கடைகளும் வரும். மரயானை, கதகளி முகம், சிரட்டைக் குரங்கு இவற்றோடு அங்கே ஒரு கடையில் 'யாளி மண்டை ஓடு' மூன்று வகையாக விற்கிறார்கள். கண்ணாடி அலமாரியில் 450 ரூபாய்க்கு உள்ளங்கை அளவில் ஒன்று. சுவரில் மாட்ட 2,800 ரூபாய்க்கு ஒன்று. மூன்றாவது வெளியில் இருக்காது. ஆர்வமாகத் துருவிக் கேட்பவருக்கு மட்டும் உள்ளறையில் சாக்கை விரித்துக் காட்டுகிறார்கள். 'ஒரிஜினல்' என்று பெயர். சொல்லும் விலை 18,000. பேரம் பேசினால் 14,000 வரை இறங்கும்.

முதல் இரண்டும் நல்ல பொருள், கொடுக்கும் காசுக்குத் தகும். மூன்றாவதைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அது போலி என்பது ஒரு காரணம்தான். அதில் ஒட்டியிருக்கும் இரண்டு பல் உண்மையானவை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சின்னதிலிருந்து தொடங்கலாம். 12 செ.மீ. நீளம், 480 கிராம். பாலியெஸ்டர் ரெசினில் மார்பிள் பவுடர் கலந்து ரப்பர் அச்சில் வார்த்தது. கையில் எடுத்தால் எலும்பைவிடக் கனமாகத் தெரியும். எலும்பின் உள்ளே காற்றறைகள் உண்டு, இது முழுக்கக் கட்டி. செய்தவர் கோயில் தூண்களை நிதானமாக நின்று பார்த்தவர் என்று சொல்லலாம். மதுரைப் புதுமண்டபத் தூணிலும் கிருஷ்ணாபுரம் கோயிலிலும் நிற்கும் யாளிக்குப் புருவ மேடு உருண்டு திரண்டு முன்னே தள்ளியிருக்கும். இதிலும் அதே திரட்சி. கேரளக் கோயில்களில் கருவறைக்கு ஏறும் சோபானப் படியின் கைப்பிடிச் சுவரில் வருகிற வியாளி முகத்தின் விரிந்த வாயும் இதில் கலந்திருக்கிறது. எல்லையில் விற்கிற பொருளுக்கு இந்தக் கலப்பு பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

செய்தவரின் அறிவு தெரிகிற இடம் இன்னொன்று உண்டு. துதிக்கை இல்லை. துதிக்கையில் ஓர் எலும்புகூடக் கிடையாது, முழுக்கத் தசை. ஆகவே யானைமுக யாளி ஒன்று உண்மையிலேயே வாழ்ந்து மடிந்திருந்தாலும் அதன் மண்டை ஓட்டில் துதிக்கை மிஞ்சாது. இரண்டு கண்குழிகளுக்கும் நடுவே உயரத்தில் அகலமான மூக்குத்துளை ஒன்று மட்டும் தெரியும். இந்தச் சின்னப் பொம்மையில் அந்தத் துளை சரியான இடத்தில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. அச்சு சேரும் கோடு தாடையோரம் மயிரிழையாக ஓடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள். கோரைப்பல் நுனியில் காற்றுக் குமிழ் தங்கியிருக்கிற பொம்மைகள் அலமாரியில் சில இருந்தன. வார்க்கும்போது அச்சைத் தட்டிக் குமிழை மேலே ஏற்றாவிட்டால் அச்சின் அடியில் இருக்கும் நுனியில் காற்று மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பல் ஒரு தடவை கீழே விழுந்தாலே ஒடிந்துவிடும். வாங்கும்போது போன் விளக்கைப் பல்லுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவும் புள்ளி இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் காரமான ரசாயன வாடை வந்தால் சரியாக உலரவில்லை என்று பொருள். வீட்டில் ஒரு வாரம் நிழலில் காற்றாட வைத்தால் போய்விடும். நேர் வெயிலில் வைத்தால் ரெசின் மஞ்சளாகும்.

2,800 ரூபாய்ப் பொருள் ஃபைபர். 38 செ.மீ. நீளம், உள்ளே கூடு, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி நார்ப்பாய் அப்படியே தெரிகிறது. கை பட்டால் அரிக்கும். மாட்டுவதற்கு முன் ஒரு கை எனாமல் பெயின்ட் அடித்துவிடுவது நல்லது. வண்ணம் போட்ட விதம் அருமை. கருப்புக் கலந்த காவியை முழுக்கப் பூசி, ஈரம் காயும் முன் துணியால் துடைத்து எடுத்திருக்கிறார்கள். பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கி, மேடுகள் வெளுத்து, பழைய எலும்பு போலவே நிற்கிறது. மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று கோக்கும் நெளிகோடுகளைக்கூட வரைந்திருக்கிறார்கள். கோரைப்பல்லுக்குப் பின் சிறு இடைவெளி, அதன் பின் கத்தரிபோல ஒன்றையொன்று உரசும் கூர்மையான பல் என்று ஊனுண்ணியின் பல்வரிசை ஒழுங்காக இருக்கிறது. சங்கப் பாடல்களில் ஆளி என்ற பெயரில் வரும் யாளி, யானையை எதிர்த்து அதன் வெண்கோட்டைப் பறிக்கும் விலங்கு. அதற்கு இந்தப் பல்தான் பொருந்தும். ஒரே பிழை கண்குழி. அதை முழு வளையமாக மூடிவிட்டார்கள். புலி, சிறுத்தை, நாய், கரடி எதற்கும் கண்குழி பின்புறம் எலும்பால் மூடியிருக்காது, திறந்தே இருக்கும். ஆடு, மாடு, மான், குதிரைக்குத்தான் மூடிய வளையம். கலைப்பொருளில் இது பொறுக்கக்கூடிய பிழை.

பல், கண் பற்றிய இந்த இரண்டு விவரங்களையும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகலாம்.

சாக்கில் இருப்பது 50 செ.மீ. தாண்டிய மண்டை. பழுப்பு நிறம், கீழ்த்தாடை உண்டு, மேலிருந்தும் கீழிருந்தும் வளைந்து வரும் நான்கு கோரைப்பல், நெற்றி நடுவிலிருந்து கீழே தொங்கும் கணுக்கணுவான 'துதிக்கை எலும்பு'. மேகமலைக் காட்டில் கிடைத்தது, பாட்டன் காலத்துப் பொருள், லேபில் கொடுத்துப் பார்த்தாயிற்று என்று சொல்கிறார்கள். லேமினேட் செய்த ஒரு தாளும் காட்டுகிறார்கள். பார்த்தவுடன் உடம்பு சிலிர்ப்பது உண்மை. நல்ல கைவேலை. ஆனால் மண்டை ஓட்டின் பெயர் அதன் கோரைப்பல்லில் இல்லை. கோரைப்பல்லை யாரும் ஒட்டலாம். கடைவாய்ப் பல்லை யாரும் மாற்றுவதில்லை. அதனால் எந்த மண்டையைக் காட்டினாலும் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

கவிழ்த்தால் கதை முடிந்துவிடுகிறது. மேல்தாடையில் பக்கத்துக்கு ஆறு கடைவாய்ப் பல். ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் பிறைநிலா வடிவில் மேடும் பள்ளமும். இது புல்லை அரைக்கும் பல், அசைபோடும் விலங்கின் முத்திரை. முன்பக்கம் மேல்தாடையில் வெட்டுப்பல் இருந்ததற்கான குழியே இல்லை. மாட்டுக்கும் எருமைக்கும் மேல்முன்பல் கிடையாது, அந்த இடத்தில் கெட்டியான ஈறுத்திண்டுதான் இருக்கும். அங்கே எலும்பு தகடுபோல மெலிந்து, இரு பக்கமும் நீளமான திறப்போடு இருக்கும். அவ்வளவு மெல்லிய தகட்டில் கோரைப்பல் வேரூன்ற இடமே இல்லை. இதில் மேல்கோரைப்பல் இரண்டும் அந்தத் தகட்டின்மேல் எம்-சீல் உருண்டையில் உட்கார்ந்திருக்கின்றன. உருண்டையின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை பதிந்து காய்ந்திருப்பது லென்ஸ் இல்லாமலே தெரிகிறது.

மாடா எருமையா? நெற்றியின் இரு பக்கமும் 'காது' என்று செதுக்கப்பட்ட புடைப்புகளில் இடப்பக்கத்துப் பட்டிப் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் வழியே உள்ளே ஆக்சா பிளேடு அறுத்த தடம், இணைகோடுகளாக. கொம்புத் தண்டை அடியோடு அறுத்திருக்கிறார்கள். அறுத்த முகம் தட்டையான முக்கோணம். மாட்டின் கொம்புத் தண்டு அறுத்தால் உருண்டையாக இருக்கும், எருமைக்குத்தான் இப்படித் தட்டையும் கோணமும். தண்டுக்குள் வெற்றறையும் தெரிகிறது. நெற்றிக் காற்றறை கொம்புக்குள்ளும் நீள்வதால் அறுத்தால் ஓட்டை விழும். ஓட்டையை மறைக்கத்தான் 'காது' வைக்க வேண்டிவந்தது. கண்குழியோ முழு வளையம். ஃபைபர் பொம்மையில் கைப்பிழையாக வந்தது இங்கே இயற்கையாகவே இருக்கிறது.

கீழ்த்தாடை இன்னும் வெளிப்படை. அசைபோடும் விலங்குகளுக்குக் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டிக்கொள்வதில்லை. தசை போனபின் இரண்டாகப் பிரிந்துவிடும். இதில் செம்புக் கம்பியால் கட்டி, கட்டின்மேல் பட்டி பூசியிருக்கிறார்கள். முன் விளிம்பில் விசிறிபோல எட்டுக் குழிகள், பல்லைப் பிடுங்கிவிட்டு அடைத்தவை. எருமைக்குக் கீழே முன்பல் சரியாக எட்டு. தாடை மூட்டையும் பாருங்கள். ஊனுண்ணிக்கு மூட்டு பல்வரிசையின் மட்டத்திலேயே, குறுக்குக் கீல்போல இருக்கும். வாய் கத்தரிபோலத் திறந்து மூட மட்டும்தான் முடியும். புல்தின்னிக்கு மூட்டு பல்வரிசைக்கு வெகு உயரத்தில் இருக்கும்; தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்க அதுதான் வசதி. இந்த 'யாளி' வாழ்நாள் முழுக்க வைக்கோல் அரைத்தது.

'துதிக்கை எலும்பு' பதினான்கு கணு. ஒவ்வொன்றும் நடுவில் இடுங்கி இரு முனையும் தடித்த உடுக்கை வடிவம். மேலே பெரிது, கீழே போகப் போகச் சின்னது. வால் எலும்புகளை வரிசை மாறாமல் கம்பியில் கோத்திருக்கிறார்கள்.

இதுவரை எல்லாம் வீட்டு எருமை. அதை வைத்திருப்பதில் காட்டுச் சட்டம் குறுக்கே வராது. சிக்கல் கீழ்த்தாடையின் கோரைப்பல் இரண்டில். மேலே இருப்பவை ரெசின். யுவி டார்ச் அடித்தால் மங்கலாக, ஒரே சீராகத் தெரிகின்றன. கீழே இருப்பவை நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்கின்றன, எலும்பும் பல்லும் ஒளிர்வதுபோல. பக்கவாட்டில் பார்த்தால் மூன்று முகம். நுனியில் ஒரு முகம் மட்டும் பளிங்குபோலச் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. காட்டுப்பன்றியின் கீழ்க்கோரைப்பல் மேல்கோரைப்பல்லோடு உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும் முகம் அது. அரத்தால் ராவினால் குறுக்குக் கோடு விழும். இதில் கோடே இல்லை. நீளம் பார்த்தாலும் புரியும். உயிரோடு இருக்கும் பன்றியில் கீழ்க்கோரைப்பல்லின் பெரும்பகுதி தாடைக்குள் புதைந்திருக்கும், வெளியே தெரிவது நுனி மட்டும். இங்கே முழுப்பல்லும் வெளியே நிற்கிறது. வேர்ப்பக்கம் இயற்கையிலேயே பொந்தாக இருப்பதால் அதற்குள் பட்டியை அடைத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

காட்டுப்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கிற இடத்திலும் அதன் பல்லை எடுத்து விற்க அனுமதி கிடையாது. சட்டம் மத்தியச் சட்டம். குமுளிச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், இரண்டு பக்கமும் அதே சட்டம்தான். அனுமதியில்லாமல் கொண்டுபோவதே தனிக் குற்றம். கையில் இருந்தது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவர் தலையில்தான் விழும். 'கடையில் வாங்கினேன், யாளி என்று சொன்னார்கள்' என்பது அங்கே பதிலாகாது. சுற்றுலா வந்து ஆசைப்பட்டு வாங்கிப்போகிற குடும்பம்தான் மாட்டிக்கொள்ளும் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லேமினேட் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையான அடையாள அறிக்கையில் மாதிரி எண், யார் அனுப்பியது, எந்தப் பகுதியைச் சோதித்தார்கள், எந்த முறை, விலங்கின் அறிவியல் பெயர் ஆகியவை இருக்கும். இந்தத் தாளில் 'மிகப் பழமையான அரிய உயிரினம்' என்ற வரியும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மட்டும்.

நிறத்தையும் வாசனையையும் இரண்டாம் பட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் உதவும். கெட்டித் தேயிலைச் சாற்றிலோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலோ ஊறவைத்த எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே பழுப்பாக இருக்கும். மண்ணில் கிடந்த எலும்பு ஒரு பக்கம் வெளுத்து, மண் பட்ட பக்கம் கறுத்து, வேர் ஓடிய தடம் கிளைகிளையாக அரித்திருக்கும். ஈரப் பஞ்சால் உட்புறம் ஓர் இடத்தில் அழுத்தித் துடைத்தால் தேயிலைச் சாயம் பஞ்சில் ஏறும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் ரெசின் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், எலும்பு மயிர் கருகும் நாற்றம் அடிக்கும். நாக்கில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். அடைப்பான் நோயால் செத்த மாட்டின் எலும்பில் அந்தக் கிருமியின் வித்துகள் பல ஆண்டு உயிரோடு இருக்கும். எந்த எலும்பானாலும் கையுறை போட்டே தொட வேண்டும். அரம் போடுவதானால் முகக்கவசமும் வேண்டும். இந்த 'ஒரிஜினல்' குமுளி மழைக்காலத்தில் கொழுப்பு வாடை அடிக்கிறது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ததன் விளைவு அது. கொதிநீர் கொழுப்பை எலும்புக்குள்ளேயே தள்ளிவிடும், ஈரக்காற்று பட்டதும் மேலே கசியும். எருமை மண்டையை முறையாகச் சுத்தம் செய்ய நினைப்பவர்கள் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிளீச்சிங் பவுடர் எலும்பையே தின்றுவிடும்.

சரி, கடையை விடுங்கள். ஏலத்தோட்டத்திலோ ஓடைக்கரையிலோ உண்மையிலேயே விசித்திரமான மண்டை ஓடு கண்ணில் பட்டால்? இந்த மலைகளில் அப்படி ஆளைத் திகைக்கவைக்கக் கூடியவை சில உண்டு. அவற்றில் முதலாவது யானை. தோலும் துதிக்கையும் போன யானை மண்டையைப் பார்த்து யானை என்று சொல்வது கடினம். நெற்றி இரட்டைக் குவியலாக உயர்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு பெரிய ஓட்டை; கண்குழிகள் பக்கவாட்டில் ஒதுங்கிக் கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த நடு ஓட்டையை ஒற்றைக்கண் என்று எண்ணினால் அரக்கன் தயார். கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கன், சிசிலித் தீவில் கிடைத்த குள்ளயானை மண்டைகளிலிருந்து பிறந்திருக்கலாம் என்று ஒத்தேனியோ ஆபெல் என்ற தொல்லுயிரியலாளர் 1914-ல் கருத்துச் சொன்னார். உடைந்த யானை மண்டையானால் இன்னும் சுலபம். எலும்புக்குள் தேனடைபோலக் காற்றறைகள் அடுக்கடுக்காக இருக்கும். இந்த மலையில் வேறெந்த விலங்கின் மண்டையிலும் அவ்வளவு தடிமனான தேனடை கிடையாது.

அகத்தியமலைப் பக்கம், பேப்பாறைக் காட்டைச் சுற்றிக் காணிக்காரர்கள் சொல்லும் கல்லானையும் இங்கே நினைவுக்கு வரும். முழு வளர்ச்சியிலும் குட்டி அளவே இருக்கும் யானை இனம் என்பது அவர்கள் கூற்று. அறிவியல் அதைத் தனி இனமாக இன்னும் ஏற்கவில்லை. சின்ன யானை மண்டை ஒன்று கிடைத்தால் அது குட்டியா, வளர்ந்த குள்ளனா என்று பல்லே சொல்லிவிடும். யானைக்கு ஒரு பக்கத் தாடைக்கு வாழ்நாளில் ஆறு கடைவாய்ப் பல். ஆறும் ஒன்றாக முளைக்காது. பின்னாலிருந்து ஒன்று நகர்ந்து வர, முன்னால் தேய்ந்தது உதிரும். ஆசிய யானையின் முதல் பல்லில் குறுக்கே அடுக்கிய தகடுகள் சுமார் 4, கடைசிப் பல்லில் சுமார் 24. சின்ன மண்டையில் தகடு குறைந்த சின்னப் பல் இருந்தால் குட்டி. சின்ன மண்டையிலேயே கடைசிப் பல் முளைத்துத் தேய்ந்து, மண்டை எலும்புகளின் நெளிகோடுகளும் மூடியிருந்தால்தான் கல்லானை பேச்சுக்கே இடம். உயரத்தையும் புகைப்படத்தையும் வைத்து வாதாடுவதைவிட ஒரு பல் எவ்வளவோ மேல்.

அடுத்தது கரடி. தேன்கரடியின் மண்டையை நாய் என்றும் புலி என்றும், சில சமயம் மனிதக்குரங்கு என்றும் சொல்வார்கள். மேல்முன்பல் எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக் குடும்பத்துக்கும் ஆறு. வளர்ந்த தேன்கரடிக்கு நான்கே. நடுவில் இரண்டு இல்லாத இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சுகிறது. மேலண்ணம் நீண்டு குழிந்திருக்கும். மொத்தப் பல் கரடிக்கு 40, நாய்க்கு 42, புலிக்கும் சிறுத்தைக்கும் 30, பன்றிக்கு 44. பல் உதிர்ந்திருந்தாலும் குழிகளை எண்ணலாம்.

கடலோரச் சொந்தக்காரர்கள் மூலம் மலைக்கு வந்துசேரும் மண்டை ஒன்றும் உண்டு. மேல்தாடையின் முன்னெலும்பு நீண்டு, சட்டென்று கீழ்நோக்கி மடிந்து, ஆணானால் நுனியில் சிறு தந்தமும் இருக்கும். யாளிக்கு இதைவிட நெருங்கிய முகம் இயற்கையில் இல்லை. அது ஆவுளியா, அதாவது கடல்பசு. யானையின் தூரத்து உறவும்கூட. பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022-ல் அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். வைத்திருந்தால் தண்டனை யானைக்குப் போலவே கடுமை: அட்டவணை ஒன்றின் விலங்கு, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

கண்ணில் பட்ட மண்டையை எடுக்காதீர்கள். கிடந்த இடமே பாதிச் சான்று. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஆறு படம் எடுங்கள்: மேலிருந்து, இடம், வலம், முன், பின், கடைசியில் கையுறையோடு மெல்லப் புரட்டிப் பல் தெரிய அடிப்பக்கம். மண்டைக்கு மிக நெருக்கமாகப் போனைக் கொண்டுபோனால் முன்பகுதி வீங்கித் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். புரட்டியதைப் பழையபடியே வைத்துவிட்டு, போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். செத்துக் கிடந்த காட்டுவிலங்கும் அரசின் சொத்து. ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்கச் சட்டம் சொல்கிறது. அதுவரை கழுவ வேண்டாம், வார்னிஷ் அடிக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் கட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காகிதப் பையோ அட்டைப்பெட்டியோ நல்லது. தேவைப்பட்டால் வனத்துறையே ஹைதராபாத்தில் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) நிறுவனத்தின் லாகோன்ஸ் ஆய்வகம் போன்ற இடத்துக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பும். பல்லிலும் உட்காதைச் சுற்றிய கெட்டி எலும்பிலும் மரபணு நீண்ட நாள் தங்கும். கொதிக்கவைத்த எலும்பில் அது சிதைந்துபோயிருக்கும்.

கண்ணைப் பழக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், 1902-ல் திறந்த கோவை காஸ் வன அருங்காட்சியகமும் போய்வரத் தகுந்தவை. ஒரு மணி நேரம் பல்லை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு சாக்கை விரித்துக் காட்டுகிறவர் என்ன சொன்னாலும் உங்கள் கண் முதலில் கடைவாய்க்குத்தான் போகும்.

ஃபைபர் யாளியை வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்பு. கடையில் கொடுக்கும் ஒற்றைக் கொக்கி போதாது, முகம் ஒரு பக்கம் சாய்கிறது. பின்புறச் சட்டத்தில் 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு இரண்டு ஸ்குரூவில் மாட்டுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். பில் வாங்கும்போது 'யாளி மண்டை' என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். 'ஃபைபர் கலைப்பொருள்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்காமல் எழுதித் தருகிறார். கம்பம் போகும் வழியில் செக்போஸ்டில் பையைத் திறந்து காட்டச் சொன்னால், அந்தத் தாளைக் காட்டிப் பின்பக்கத்து நார்ப்பாயைத் திருப்பிக் காட்டினால் போதும்.